முன்னால் மஞ்சள், பின்னால் கறுப்பு

கறுப்பு காய இன்னும் ஆறு நிமிடம் இருந்தது. எனக்கு ஆறு நிமிடம் சும்மா உட்காரத் தெரியாது.

எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன். தூசி வரும் என்று மூடினேன். காய்ந்துவிட்டதா என்று தொடப்போன விரலை மடக்கிக்கொண்டேன்.

மேஜைமேல் ரிமோட் ரேஸ் காரின் மேல்கூடு கவிழ்ந்து கிடந்தது. தண்ணீர் பாட்டில் மாதிரி தெளிவான பிளாஸ்டிக். இதற்கு வெளியே பெயிண்ட் அடித்தால் ஒரு மோதலில் உரிந்துவிடும். உள்பக்கம்தான் அடிக்க வேண்டும். அதனால் எல்லாமே தலைகீழ். முதலில் அடிப்பதுதான் வெளியே தெரியும். அதில் பிசகினால் அப்புறம் எத்தனை பூச்சு பூசினாலும் மறையாது.

அண்ணனுடைய கார். சனிக்கிழமை கிளப்பில் ரேஸ்.

போன மாதம் கருநீலம் அடித்துக் கொடுத்தேன். முதல் வளைவிலேயே சுவரில் விட்டான். தார்த் தரையோடு கலந்துவிட்டதாம். அடுத்தது சிவப்பு. நடுவில் கார் ஒருமுறை சுழன்று நின்றது. அதற்குப் பிறகு எதிர்த்திசையில் ஓட்டினான். எது முன்பக்கம் என்று புரியவில்லையாம். கிளப்பே சிரித்தது.

"கல்யாணப் பொண்ணுக்கு மேக்கப் போடற மாதிரி கோடு கோடா இழுத்து வச்சிருக்க. உன் பெயிண்டாலதான்டா என் மானம் போச்சு," என்றான்.

இந்தத் தடவை நிறத்தை அவனே சொன்னான். முன்னால் மஞ்சள், எட்ட நின்றாலும் கண்ணில் அடிக்கிற மஞ்சள். பின்னால் கறுப்பு. வேறு எந்த வேலைப்பாடும் கூடாது.

"இதுவும் சரியா வரலேன்னா திங்கட்கிழமை குடோனுக்கே போயிடு. சூப்பர்வைசர்கிட்ட பேசி வச்சிருக்கேன்."

குடோனில் ராத்திரி வேலை. மூன்று வருடம் பார்த்தேன். விடிய விடிய அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்ட வேண்டும். பகலில் படுத்தால் கனவிலும் டேப் கிழிகிற சத்தம். ஒரு நாள் பாதி ஷிஃப்டில் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அண்ணன் வீட்டுச் சாப்பாடு. அண்ணி ஒன்றும் சொல்லமாட்டாள். தட்டை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

கிளப்பில் இரண்டு பேர், உன் அண்ணன் காரைப் பார்த்துவிட்டு எங்கள் காரையும் பெயிண்டுக்குத் தருகிறோம் என்றிருந்தார்கள். அவன் காரையே இரண்டு முறை பார்த்தாயிற்று. இது மூன்றாவது.

நாலு நிமிடம். பொறுக்கவில்லை. அண்ணியின் ஹேர் டிரையரைக் கொண்டுவந்து தூரத்தில் வைத்துக் காட்டினேன். கிட்டே போனால் பிளாஸ்டிக் வளைந்துவிடும். வளையவில்லை. முன்பாதியை மூடியிருந்த டேப்பை உரித்து மஞ்சள் அடித்தேன். மெல்லிசாக, நாலு தடவை. ஒவ்வொரு தடவைக்கும் நடுவே அறையை அளந்தேன். பிறகு அதற்குப் பின்னால் வெள்ளை. வெள்ளை கொடுக்காவிட்டால் மஞ்சள் சோகை பிடித்த மாதிரி இருக்கும்.

இனி ஒரே ஒரு வேலை. கூட்டின் வெளிப்பக்கம் மெல்லிய படலம் ஒன்று ஒட்டியிருக்கும். சிதறுகிற பெயிண்ட் எல்லாம் அதில் படியும். அதை உரித்தால்தான் மினுமினுப்பு. காரின் ஜன்னல்களை அடைத்திருக்கும் டேப்பையும் கடைசியில்தான் எடுக்க வேண்டும். இரண்டையும் அண்ணன் முன்னால் வைத்துச் செய்வது என்று இருந்தேன். அவன் முகம் மாறுவதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

இரண்டு மணிக்கு, சாப்பிட்ட கையைத் துடைத்தபடி என் அறைக்கு வந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் சாவியை மேஜைமேல் போட்டுவிட்டுக் கூட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அடேய்... இதுதான்டா பெயிண்ட்! என்னமா மின்னுது. கண்ணாடியப் பாரு, அந்தப் பக்கம் நிக்கிற ஆளையே காட்டுது."

கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். செய்யக்கூடியவன்தான். சிரிப்பான் என்று காத்திருந்தேன்.

சிரிக்கவில்லை. நிஜமாகவே மனசு குளிர்ந்து போயிருந்தான்.

படலம் ஒட்டியபடியே இருந்தது. அதன்மேல் பெயிண்ட் தூசி சாம்பல் பூத்த மாதிரி படிந்திருந்தது. காரின் ஜன்னல் ஆறையும் பழுப்பு டேப் அடைத்திருந்தது.

"நீ வரலைன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிடறேன். போதுமா?"

மூன்று வாரமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தான் தவித்துக்கொண்டிருந்தேன். டேப் அடைத்த ஜன்னல்களை மறுபடி பார்த்தேன்.

கூட்டைப் பத்திரமாகக் கீழே வைத்தான். "நேரமாச்சு. அஞ்சு நிமிஷம் லேட்டானா அம்மாக்காரிங்க வரிசையா போன் போட ஆரம்பிச்சுடுவாங்க," என்றபடி சாவிக்காக மேஜைமேல் கையை ஓட்டினான். கை பெயிண்ட் டப்பாவைத் தொட்டது. கத்தரியைத் தொட்டது. சாவி அதற்குப் பக்கத்திலேயே பளிச்சென்று கிடந்தது.

சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

வாசலில் பள்ளிக்கூட பஸ் நின்றது. முப்பத்தெட்டு சீட். எட்டு வருடமாக அவன்தான் ஓட்டுகிறான்.

"விளையாடாதடா. குடு."

"ஸ்கூலுக்குப் போன் போட்டு வேற ஆளை அனுப்பச் சொல்லுண்ணே," என்றேன். "திங்கட்கிழமை நான் குடோனுக்குப் போறேன்."

நீட்டிய கையை இறக்கினான். பிறகு நாற்காலி முதுகைப் பிடித்து, மெதுவாக உட்கார்ந்தான்.

ஏன் என்று கேட்கவில்லை.