மைக்கூடு

குதிரை டாக்டர் பந்தைக் காலால்தான் தள்ளினான். ஆடிட்டர் தன் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

கோல்ஃப் மைதானத்தின் கடைசிக் குழி அது. புல்வெளி முடிந்து ஏரிப்பக்கம் சரியும் இடத்தில் ஒரு புதர். கிளப்பில் அதற்கு 'மைக்கூடு' என்று பெயர். ஊதாப் பழங்கள் உதிர்ந்து நசுங்கிக் கிடக்கும். உள்ளே போனது எதுவும் கறை படாமல் வெளியே வராது. அதன் ஓரத்தில் நின்று குதிரை டாக்டர் சுற்றும்முற்றும் பார்த்தான். ஷூ முனையால் ஒரு தள்ளு. பந்து சமர்த்தாக உருண்டு புல்லுக்கு வந்துவிட்டது.

"அடப்பாவி!" என்று முணுமுணுத்தார் ஆடிட்டர்.

காலையிலிருந்தே அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. மகள் சொன்னது காதிலேயே நின்றது.

"ஒரே ஒரு தடவை அவரோட விளையாடிப் பாருங்கப்பா. அப்புறமும் வேண்டாம்னு சொன்னீங்கன்னா விட்டுடறேன். சத்தியமா."

குதிரைக்கு வைத்தியம் பார்க்கிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது என்று அவருக்கு ஏற்கெனவே கடுப்பு. ஆனால், ஆளை எடை போட ஓர் ஆட்டம் போதும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவரே அவர்தான். மறுக்க வழியில்லை.

குழிக்குக் குழி கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார். மலைமேல் மேகம் இறங்கியது, ஏரியில் வெயில் மினுங்கியது; அவர் எதையும் பார்க்கவில்லை. அவன் அடிப்பது, எண்ணுவது, பந்தைத் துடைப்பது எல்லாவற்றையும் தணிக்கை செய்தார். போதாக்குறைக்கு ஆபரேஷன் செய்த முட்டி வேறு பாதி ஆட்டத்திலேயே விண்விண்ணென்று தெறிக்க ஆரம்பித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். இவன் முன்னாலா நொண்டுவது?

கடைசிக் குழி வரும்வரை ஒரு குறையும் சிக்கவில்லை. ஆட்டமும் சரிசமம். அதுதான் இன்னும் எரிச்சல்.

கடைசிக் குழிக்கு அடித்தபோது இருவர் பந்தும் புதர்ப் பக்கமே ஒதுங்கின. ஆடிட்டருடையது ஏதோ மரத்தில் 'டொக்'கென்று மோதியது. கண்ணில் வெயில், எங்கே விழுந்ததென்று தெரியவில்லை.

"என்னோடது பட்டுத் தெறிச்சு வெளியதான் வந்திருக்கும்" என்றார்.

"நீங்க மெதுவா வாங்க சார். நான் முன்னால போய்ப் பார்க்கறேன்" என்று ஓடினான் அவன்.

எதற்கு ஓடினான் என்று இப்போது தெரிந்துவிட்டது!

ஆடிட்டர் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பந்துகளும் புல்மேல் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன. நீலப் புள்ளி வைத்தது அவருடையது, சிவப்புப் புள்ளி அவனுடையது.

"அதோ, உங்க பந்து சார்" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

"நான்தான் சொன்னேனே, வெளியதான் வந்திருக்கும்னு." ஆடிட்டர் குத்தலாகச் சொன்னார். "என் பந்துக்கு யார் தயவும் வேண்டாம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

இன்றைக்குப் பந்தைத் தள்ளுகிறவன் நாளைக்கு எதைத்தான் தள்ளமாட்டான்? ஆடிட்டர் அங்கேயே போனை எடுத்தார். மகளுக்கு ஒரே வார்த்தை: 'வேண்டாம்'. அனுப்பியும்விட்டார். அழுவாள். அழட்டும், பிறகு அழுவதைவிட இப்போது அழுவது மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அதன் பிறகு ஆட்டம் சீக்கிரமே முடிந்தது. அவர் பந்து உருண்டு உருண்டு குழிக்குள் விழுந்தது. அவனுடையது விளிம்பு வரை வந்து நின்றுவிட்டது.

"பிரமாதம் சார்! ஜெயிச்சுட்டீங்க!" அவன் தானே ஜெயித்தது போலக் கை தட்டினான். பந்தை எடுத்துக்கொடுக்கக் குனிந்தான்.

"விடுங்க. என் பந்தை நான் எடுத்துப்பேன்."

முட்டி கெஞ்சியது. மட்டையை ஊன்றிக் குனிந்து எடுத்தார். துடைப்பதற்காகத் திருப்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

நீலப் புள்ளிக்கு மறுபக்கம், ஈரம் காயாத ஊதாக் கறை.

விளிம்பில் நின்ற சிவப்புப் புள்ளிப் பந்தைப் பார்த்தார். வெள்ளைவெளேரென்று இருந்தது. அவன் ஷூ முனையைப் பார்த்தார். ஊதா.

"ஏன்யா?" என்று பந்தை அவன் முன் நீட்டினார்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. "நொண்டற குதிரையைத் தூரத்துலேயே கண்டுபிடிக்கறதுதான் சார் என் பொழப்பு. பாதி ஆட்டத்துலேருந்து நீங்க வலது காலை ஊனவே இல்ல. அந்தச் சரிவுல இறங்கினா திரும்ப ஏறியிருக்க மாட்டீங்க. இறங்காதீங்கன்னு சொன்னா கேட்டிருக்கவும் மாட்டீங்க..." தயங்கினான். "தப்புதான் சார்."

போன் அடித்தது. மகள்.

"என்னப்பா ஆச்சு? அப்படி என்னதான் பண்ணினார் அவர்?" விம்மலுக்கு நடுவே கேட்டாள்.

ஆடிட்டர் கையிலிருந்த பந்தைப் பார்த்தார். பேன்ட்டில் ஒரு தேய் தேய்த்துப் பைக்குள் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. கை பை வரைக்கும் போகவும் போயிற்று. பிறகு நின்றது.

"ஏமாத்து வேலை நடந்தது வாஸ்தவம்தாம்மா" என்றார். "ஆனா ஏமாத்தி ஜெயிச்சது உங்கப்பன். இனிமே வேண்டாம்னு சொல்றதா இருந்தா, அதை மாப்பிள்ளைதான் சொல்லணும்."