அறுந்த வளையம்

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மறுநாள் விடியலில் எல்லா விசைப்படகுகளும் கடலுக்குப் புறப்பட இருந்தன. மெக்கானிக் பெர்னதெத் கடைசி லைனர் உருளையை எஞ்சினுக்குள் இறக்கும்போது, அடியிலிருந்த ரப்பர் வளையம் எங்கோ கடிபடுவதைக் கை உணர்ந்தது. உடனே லைனரை வெளியே இழுத்தாள். வளையத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு வெட்டு.

“புதுசு வேணும்ணே. கொச்சியில இருந்து வர ரெண்டு நாளாவும்.”

படகுக்காரர் கஸ்பாருக்கு முகம் சிவந்துவிட்டது. “டீசல் அடிச்சாச்சு. அதையே மாட்டு பிள்ள. இந்தக் கீறல் என்ன செஞ்சிரும்?”

“தண்ணி ஆயிலுக்குள்ள எறங்கும். நடுக்கடல்ல எஞ்சின் நின்னா போனவங்க என்ன செய்வாவ?”

“நீ மாட்டலைன்னா வேற ஆளு மாட்டுவான். இனி இந்தத் துறைமுகத்துல ஒனக்கு வேலையே கெடையாது.”

பெர்னதெத் கத்தியை எடுத்து வளையத்தை இரண்டாக அறுத்தாள். துண்டுகளை அவருடைய உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டாள்.

“இப்பக் கூப்பிடுங்க அந்த ஆள.”

கஸ்பார் கத்தத் தொடங்கினார். மேல்தளத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த படகாட்கள், ஒருவர் பின் ஒருவராகக் கரைக்கு இறங்கினார்கள்.