பரமசிவத்தின் வெயில்

பரமசிவத்தின் பக்கத்தில் மட்டும் வெயில் அடித்தது. மற்ற நான்கு பேரின் நோட்டுகளிலும் மூடுபனி. சொல்லி வைத்தாற்போல் நான்கிலும் இடது ஓரத்தில் பாதி மறைந்த ஒரு கப்பல்.

டன்லப் ஸ்திரீட் மாடியறையில் வாரந்தோறும் கூடும் நீர்வண்ணக் குழு அது. இயற்கைக் குறிப்பேட்டுக்கு அவர்கள் வைத்திருந்த விதி ஒன்றே ஒன்று. நேரில் போய், கண்ணால் கண்டதை மட்டும் வரைய வேண்டும். ஓரத்தில் இடம், நேரம், வானிலை எழுத வேண்டும். போன சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சாங்கி கடற்கரை என்று முடிவாகியிருந்தது. அந்தப் பக்கங்கள் நூலகக் கண்காட்சிக்குப் போகப்போகின்றன.

"அண்ணே, அன்னிக்கு எதிர்ல நிக்கிற ஆளே தெரியல. உங்களுக்கு மட்டும் எப்படி வெயிலு?" என்று சிரித்தாள் ருக்கையா.

"எனக்கு வெயில்தாம்மா அடிச்சுச்சு" என்றார் பரமசிவம். புக்கிட் மேராவில் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். குழுவில் சேர்ந்து இரண்டு வாரம்தான் ஆகிறது.

"ஃபுல் மிஸ்ட்லா அங்கிள். நான் அங்கதான் இருந்தேன்" என்றான் ரித்திக்.

குழுவில் இன்னொருத்தியான வைதேகி தன் நோட்டை மெல்ல மூடினாள். அந்தச் சனிக்கிழமை அவள் ஈசூன் வீட்டில் ஒன்பது மணிவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கியவள். எழுந்து பார்த்தால், குழுத்தலைவர் ஹனீபா 'காலை வணக்கம், சாங்கி!' என்று வாட்ஸ்அப்பில் பனி மூடிய கடலைப் போட்டிருந்தார்.

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தாளை நனைத்தாள். சாம்பல் நிறத்தை ஓடவிட்டு, டிஷ்யூவால் ஒற்றியெடுத்து, படத்தில் இருந்தபடியே இடது ஓரத்தில் கப்பலையும் வைத்தாள். ஓரத்தில் 'காலை 7.10, மூடுபனி, மீன்கொத்திச் சத்தம்' என்று கூசாமல் எழுதினாள். மீன்கொத்தி அவளுடைய சொந்தச் சரக்கு.

பரமசிவமும் தன்னைப் போலத் தூங்கியவர்தான் என்று அவளுக்குத் தோன்றியது. வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சேர்க்காததால் படத்தைப் பார்க்கவில்லை, பாவம், மாட்டிக்கொண்டார். பேச்சை வளரவிட்டால் அடுத்து தன் பக்கம் திரும்பும் என்ற பயத்தில், திருடனே முந்திக்கொண்டு 'திருடன், திருடன்' என்று கத்திய கதையாக வாயைத் திறந்தாள்.

"போகலன்னா போகலன்னு சொல்லிடுங்கண்ணே. வீட்டுல உக்காந்து வரைஞ்சத எப்படி லைப்ரரிக்கு அனுப்புறது? நாங்கல்லாம் அவ்ளோ தூரம் போனோம்ல?"

பரமசிவத்தின் முகம் சுண்டிப்போனது.

"நான் ஆறே முக்காலுக்கே போயிட்டேம்மா. பத்து மணி வரைக்கும் காத்திருந்தேன். ஒருத்தரையும் காணோம்." குரல் இறங்கியது. "நான்தான் இடம் மாறிப் போயிட்டேன் போல. என் பக்கம் வேணாம், விடுங்க."

நோட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். வைதேகியை வெட்கம் பிடுங்கித் தின்றது. உண்மையைச் சொல்ல இதுதான் நேரம் என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனாலும் உதவிக்கு ஹனீபாவைப் பார்த்தாள்.

"நீங்க சொல்லுங்க ஹனீபா அண்ணே. நீங்கதானே அங்கேருந்து படம் போட்டீங்க?"

இவ்வளவு நேரமும் தலையைத் தூக்காமல் தூரிகையைக் கழுவிக்கொண்டிருந்த ஹனீபா எழுந்து போய், வாசலில் பரமசிவத்தின் கையைப் பிடித்தார். யார் முகத்தையும் அவர் பார்க்கவில்லை.

"உக்காருங்க பரமசிவம். அது போன டிசம்பர்ல எடுத்த படம். சனிக்கிழமை நானும் போகல."