தலையில் படாத ஹெட்செட்

"காதுக்குள்ள சொருகுறது உனக்கு வேண்டாம் தம்பி, சொன்னா கேளு. தலையில மாட்டுறதே போதும்."

விமானிக்குத் தூக்கிவாரிப் போட்டது. சிறிய விமானம் ஓட்டுபவர்களுக்கான சாமான்கள் விற்கும் கடை அது. ஓடுபாதை வேலியை ஒட்டியே இருந்தது. கடைக்கார அக்காவுக்கு வாய்தான் மூலதனம். வேலி ஓரம் காற்றுக்கு ஆடும் கிழிந்த துணியைக்கூடப் புதுசு என்று தலையில் கட்டிவிடுவார். அப்பேர்ப்பட்டவர், பணப்பையைத் திறந்துகொண்டு வந்து நிற்பவனிடம் வேண்டாம் என்கிறார்.

"போன வாரம் நீங்கதானே அக்கா சொன்னீங்க? மாட்டியிருக்கறதே தெரியாது, எஞ்சின் சத்தமே எங்கயோ தூரத்துல கேக்கும்னு."

"சொன்னேன். இன்னிக்கு வேண்டாங்கறேன். காது அரிக்கும். வேர்த்தா நழுவும். கீழ எறங்கும்போது அடைச்சுக்கும். அதுவுமில்லாம உன் காது ஓட்டை ரொம்பச் சின்னது."

"என் காது ஓட்டையை நீங்க எப்ப பாத்தீங்க?"

"அதைப் போய்ப் பாக்கணுமா? தெரியுது இல்ல."

சொல்லிக்கொண்டே அக்கா கண்ணாடி அலமாரியிலிருந்து பெரிய ஹெட்செட் ஒன்றை எடுத்தார். பஞ்சு மெத்தை மாதிரி இரண்டு பக்கமும் திண்டு, நடுவில் அகலமான பட்டை. "இதைப் போட்டுப் பாரு" என்று அவன் தலையை நோக்கி நீட்டினார். அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போய், வரைபடம் அடுக்கியிருந்த தட்டில் இடித்துக்கொண்டான்.

பாவம், அவன் கஷ்டம் அவனுக்கு. நெற்றியில் அலையலையாகப் புரளும் அந்த முடி அவனுடையதே அல்ல, டோப்பா. சாதாரண ஹெட்செட்டின் பட்டை உச்சந்தலையைக் கவ்விப் பிடிக்கும். பறந்து இறங்கி, வேர்வையோடு அதைக் கழற்றினால் முடியும் கூடவே கிளம்பிவிடும். இதுவரை பயணிகள் எல்லோரும் இறங்கிப் போகும்வரை ஏதோ வேலை இருப்பதுபோல் உட்கார்ந்திருந்து சமாளித்துவிட்டான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாச்சா பலிக்காது. அவனுக்கு நிச்சயமான பெண் முதல் முறையாக அவனோடு பறக்கப் போகிறாள். அவளுக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை. 'இறங்கலாம்' என்று அனுமதி கொடுக்கும் அவள் குரலில்தான் முதலில் விழுந்தான். குட்டி விமானத்தில் தோளோடு தோள் இடிக்க உட்கார வேண்டும். அவள் கண்ணெதிரே முடி பறந்தால் கல்யாணமும் பறந்துவிடும் என்று பயந்தான். அவளை அவ்வளவு பிடித்திருந்தது அவனுக்கு.

"அக்கா, காது அரிச்சா நான் சொறிஞ்சுக்கறேன். குடுங்க."

"அடுத்த மாசம் புது மாடல் வருது. பொறுத்துக்கோ."

"எனக்கு ஞாயித்துக்கிழமைக்கு வேணும்."

"ஞாயித்துக்கிழமை வரைக்குமாவது பொறுத்துக்கோயேன்."

"என்னக்கா பேசறீங்க? விடுங்க, நான் டவுன்ல வேற கடையில பாத்துக்கறேன்."

அவன் வாசலை எட்டுவதற்குள் அக்கா குறுக்கே வந்து நின்றார்.

"எங்கயும் போகாத. இதுதான் வேணும்னு ஏன் ஒத்தக் கால்ல நிக்கற? அதை மொதல்ல சொல்லு."

அவன் தெருவை ஒரு முறை பார்த்துக்கொண்டான். பிறகு மென்று விழுங்கிச் சொன்னான். "இந்த முடி என்னுது இல்லக்கா. ஹெட்செட்டைக் கழட்டினா கூடவே வந்துடுது. அவளுக்கு இன்னும் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம் பக்குவமா சொல்லிக்கலாம்னு இருக்கேன். இப்பத் தெரிஞ்சா வேண்டாம்னுடுவா. எனக்குத் தாங்காது."

கண் கலங்கிவிட்டது. அக்கா அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, தண்ணீர் பாட்டிலைக் கையில் கொடுத்தார்.

"நான் சொன்னேன்னு அவகிட்ட காட்டிக்காத. காலையிலதான் வந்து, நீ கேக்கற அதையே உனக்குன்னு வாங்கிட்டுப் போனா. ஞாயித்துக்கிழமை குடுக்கப் போறாளாம். நடுவுல நீ வந்து கேட்டா, எதையாவது சொல்லித் துரத்திவிடுங்கன்னு எங்கிட்ட சத்தியம் வாங்காத குறை."

"அவளா? இதையேவா? ஏன்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். 'டவர்ல பைனாகுலர் இருக்கு அக்கா. எல்லாரும் எறங்கிப் போனதும் சுத்திமுத்திப் பாத்துட்டு, ஒரு கையில ஹெட்செட்டும் ஒரு கையில டோப்பாவுமா அவர் படற பாட்டை, என்னைப் பொண்ணு கேட்டு வர்றதுக்கு முன்னாடியிருந்தே பாத்துக்கிட்டுதான் இருக்கேன்'னா."