பாதிக்குப் பாதி

“ரெண்டு பேர் உழைக்கிறீங்க. ஒரு மூண்டு லட்சம் கையில இல்லயா புள்ள?”

அழகரத்தினம் கேட்டதும் கதிரையின் நுனிக்கு நகர்ந்தாள் கஜானி. அவருடைய அக்காவின் மகள். ஆஸ்பத்திரியில் தாதி. புருஷன் உதயரூபன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன்.

அவர்களுடைய வாடகை வீட்டுக்குப் பக்கத்துக் காணி விலைக்கு வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்காவிட்டால் கொழும்பிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போன ஒருவருக்கு அது போய்விடும். அதனால்தான் மாமாவிடம் கடன் கேட்டுத் தேற்றாத்தீவுக்கு வந்தாள்.

அழகரத்தினம் மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் தலைமை இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவர். சேமிப்பு என்றால் ஊரில் அவர் பெயரைத்தான் சொல்வார்கள்; சொல்லாவிட்டால் அவரே சொல்லிவிடுவார். பென்ஷன் வந்ததும் பாதி வங்கியில் நிலையான வைப்புக்குப் போகும். மீதிப் பாதி, வீட்டுச் செலவுக்கென்று மனைவி இலட்சுமிப்பிள்ளையின் கைக்குப் போகும். கல்யாண வீடோ செத்த வீடோ, நாலு பேர் கூடிய இடத்தில் இதைச் சொல்லாமல் அவர் எழும்பியதில்லை.

கடன் கேட்டு வந்தவளுக்கு முதலில் புத்திமதி கிடைத்தது. வருமானத்தில் பாதியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒதுக்க வேண்டும் என்றார். ஒதுக்கினால் போதாது, வைக்கிற இடமும் முக்கியம் என்றார். அலுமாரிக்குள் வைத்தால் செலவாகும், சீட்டில் போட்டால் சீட்டுக்காரி ஓடுவாள், நகையாக்கினால் அடகுக் கடைக்குப் போகும். வங்கியைப் போல ஒரு இடம் இல்லை.

“சரி, நீ மாசம் எவ்வளவு மிச்சம் புடிக்கிறாய்?”

“பதினஞ்சாயிரம், மாமா.”

“எவ்வளவு காலமா?”

“ரெண்டு வருசமா.”

அழகரத்தினத்துக்குக் கடதாசி, பேனை தேவைப்படவில்லை. மூன்று லட்சத்து அறுபதாயிரம்.

“அது எங்க?”

கஜானி தரையைப் பார்த்தாள். “ஒரு இடத்தில கிடக்கு மாமா. இப்ப எடுக்கேலாது.”

அவருக்கு விளங்கிவிட்டது. யாரோ கைமாற்றுக் கேட்டிருக்கிறார்கள், இவள் முகத்துக்காகக் கொடுத்திருக்கிறாள். இப்போது திருப்பிக் கேட்க வெட்கப்படுகிறாள்.

“உன்ட காசில ஆரோ வயிறு வளர்க்கிறான் புள்ள” என்றார்.



அழகரத்தினம் குசினிப் பக்கம் கையைக் காட்டினார். உள்ளே இலட்சுமிப்பிள்ளை தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“குடும்பம் நடத்துற எப்பிடி எண்டு உன்ட மாமியிட்டப் படி. அரிசி, மீன், தேங்காய் எல்லாம் மடங்குக்கு மேல ஏறிப் போச்சு. அஞ்சு வருசமா நான் குடுக்கிறது அதே முப்பதாயிரம். ஞாயிற்றுக்கிழமை கோழி தவறினதில்ல, சீனி வருத்தத்துக்கு நான் போடுற குளிசை ஒரு நாள் நிண்டதில்ல. ஒரு சதம் கூட்டிக் கேட்டிருப்பாளா?”



“ஓம் மாமா” என்று கஜானி எழும்பினாள். கடன் கிடைக்காது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. வேறு எங்காவது பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கைப்பையை எடுத்தாள்.

தேத்தண்ணியோடு வெளியே வந்த இலட்சுமிப்பிள்ளை அவளை மறித்தாள்.

“இரு புள்ள.”

கஜானி வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினாள். இலட்சுமிப்பிள்ளை பார்த்தும் பாராததுபோலக் கோப்பையைக் கணவர் முன்னால் வைத்தாள். குரல் உயரவில்லை.

“அவள்ட காசு என்னட்டத்தான் வந்தது. நீங்க தாற முப்பது, மாசம் பாதியிலயே முடிஞ்சிரும். அதுக்கு மறுகா நாம ரெண்டு பேரும் சாப்பிடுற கஜானிட காசில. உங்கட குளிசையும் அவள் வாங்கித் தாறதுதான்.”

அழகரத்தினம் கோப்பையைத் தூக்கினார், குடிக்காமல் வைத்தார்.

“என்னட்டக் கேட்டிருக்கலாமே” என்றார்.

“கேட்டன். இப்ப இவளுக்குச் சொன்னதத்தான் அண்டைக்கு எனக்கும் சொன்னீங்க.”

அன்று இரவுச் சாப்பாட்டில் அவர் மீனைத் தொடவில்லை. வெறும் சோற்றில் மோரை ஊற்றிச் சாப்பிட்டார். அந்த மோர் யாருடைய காசு என்று கேட்கவும் பயமாயிருந்தது.

அடுத்த நாள் வங்கிக்குப் போனார். தவணை முடிய முதல் எடுத்தால் வட்டி குறையும் என்று கவுண்டரில் வேலை செய்கிற பிள்ளை எச்சரித்தது. பரவாயில்லை என்று கையெழுத்துப் போட்டார். மூன்று லட்சத்து அறுபதாயிரத்தையும் கஜானியின் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த மாதத்திலிருந்து வீட்டுச் செலவுக்கு நாற்பத்தைந்தாயிரம் கொடுக்கத் தொடங்கினார்.

மீதி விலைக்கு வங்கிக் கடன் எடுத்தார்கள்; காணி கைக்கு வந்தது. தை பிறந்ததும் வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள். சொந்தக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். இந்த விலைவாசியில் சின்னஞ்சிறுசுகள் அட்வான்ஸுக்கே இவ்வளவு காசை எப்படிச் சேர்த்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள் என்று வெல்லாவெளியிலிருந்து வந்த ஒரு சித்தப்பா வாயைப் பிளந்தார்.

கஜானி மாமியைப் பார்த்தாள். மாமி கஜானியைப் பார்த்தாள். இருவரும் வாய் திறப்பதற்கு முன்னால் அழகரத்தினம் சால்வையைச் சரிசெய்துகொண்டு முன்னுக்கு வந்தார்.

“புள்ளைகளிட்டக் காசு இருந்தாச் செலவழிச்சிருவாங்க. அதுதான் அவ்வளவையும் நான் என்ட நிலையான வைப்பில பத்திரமா வச்சிருந்து குடுத்தன்.”