எதிர்வீட்டு ஷூ

"என்னங்க, இன்னிக்கும் அந்த ஷூ இருக்கு."

கதவு லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள் டிரைவரம்மா.

"எந்த ஷூ?" என்றார் கணவர், பேப்பரைத் தாழ்த்தாமல். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தேவையில்லாமல் ஹாரன் அடிக்காதவர். பேச்சிலும் அப்படித்தான்.

"எதிர்ல, நர்ஸ் வீட்டு வாசல்ல. கறுப்பு ஷூ. ஆம்பளை ஷூ. பத்து நாளா இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே."

"புருஷன் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. வீட்ல அவளும் ஆறு வயசுப் பொண்ணும்தான். அப்ப அந்த ஷூவுக்குள்ள இருக்கிற கால் யாரோடது?"

அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"நீங்க பேப்பரையே கட்டிக்கிட்டு அழுங்க. கீழ்வீட்டு டெய்லரம்மாகிட்ட நேத்தே சொல்லிட்டேன். நாளைக்கு வீட்டு ஓனர் தண்ணி டேங்க் பார்க்க வர்றார். அவர் காதுலயும் போட்டுடப் போறேன். நாலு குடும்பம் இருக்கிற இடம்."

"அவசரப்படாதே. அந்தப் பொண்ணு..."

"அவகிட்டயே கேட்டுடறேன்!"

அவர் எழுந்திருப்பதற்குள் அவள் எதிர்வீட்டு மணியை அடித்துவிட்டாள்.

நர்ஸ் கதவைத் திறந்தாள். இன்னும் யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. கையில் சீப்பு. பின்னால் மகள், பாதிப் பின்னலோடு.

"வாங்க ஆன்ட்டி."

"உட்கார வரலம்மா. இந்த ஷூ யாரோடது?"

நர்ஸின் முகம் சுருங்கியது. "உள்ளே போய் ஹோம்வொர்க் எழுதுடா" என்று மகளை அனுப்பிவிட்டு, கதவை ஒருக்களித்து வெளியே வந்தாள்.

"யாரோடதும் இல்ல ஆன்ட்டி."

"பின்னே, அதுவே நடந்து வந்துச்சா?"

"நான்தான் வாங்கி வெச்சேன். போன மாசம் பின்தெருவுல பட்டப்பகல்ல ரெண்டு வீட்டுப் பூட்டை உடைச்சாங்களே... ரெண்டுமே பொம்பளைங்க தனியா இருக்கிற வீடு. நாலு நாள் நோட்டம் பார்த்துட்டுத்தான் கை வைக்கிறாங்கன்னு போலீஸ்காரர் சொன்னார். இன்னொரு தாழ்ப்பாள் போட்டேன். ஜன்னலுக்குக் கம்பி வெச்சேன். அப்பவும் தூக்கம் வரல. வாசல்ல ஒரு ஆம்பளை ஷூ கிடந்தா கொஞ்சம் யோசிப்பானேன்னு பிளாட்பாரக் கடையில வாங்கினேன்."

டிரைவரம்மாவின் குரல் கொஞ்சம் இறங்கியது. முழுசாக இறங்கவில்லை.

"கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இதைப் பாரு."

குனிந்து ஒரு ஷூவை எடுத்துக் கவிழ்த்தாள். அடிப்பாகம் முழுக்கச் சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

"சும்மா வெச்ச ஷூவுல எப்படிம்மா சேறு? ஒரு நாள் சுவர்ப் பக்கம் திரும்பியிருக்கு, ஒரு நாள் படிப் பக்கம். யாரோ போட்டுக்கிட்டுப் போறாங்க, வர்றாங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே."

நர்ஸ் அந்தச் சேற்றையே பார்த்தாள். கையிலிருந்த சீப்பு நழுவி விழுந்தது.

"ஆன்ட்டி... வெச்சதோட சரி, நான் தொட்டதே இல்ல. டியூட்டிக்கு ஓடற அவசரத்துல குனிஞ்சுகூடப் பார்க்கல. அப்ப யாரோ தினமும் என் வாசல் வரைக்கும் வந்துட்டுப் போறாங்களா? பாப்பா ஸ்கூல் விட்டு வந்து ஒரு மணி நேரம் தனியா இருக்கா ஆன்ட்டி..."

கதவைத் தள்ளி, மகள் உள்ளே இருக்கிறாளா என்று பார்த்தாள். அது நடிப்பில்லை என்று டிரைவரம்மாவுக்குப் புரிந்தது. இப்போது அவளே படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"நீ உள்ளே போய்த் தாழ்ப்பாள் போடு. நான் இவரைக் கூட்டிக்கிட்டு..."

திரும்பினாள். கணவர் அவளுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார், வெறுங்காலோடு. இரண்டு குதிகாலிலும் பிளாஸ்திரி.

"பயப்படாதேம்மா. நான்தான்" என்றார்.

"நீங்களா?"

"அன்னிக்கு நீ பையிலேர்ந்து எடுத்து வெச்சதைப் பார்த்தேன். நேரா வெச்சே, கோணலா வெச்சே, திரும்ப நேரா வெச்சே. விஷயம் புரிஞ்சுது. ஆனா நோட்டம் பார்க்கிறவனும் முட்டாள் இல்லையே. நாலு நாளா நகராத ஷூன்னா அவனுக்குச் சந்தேகம் வந்துடும். அதான் காலையில வாக்கிங் போறப்ப இதை மாட்டிக்கிட்டுப் போய், வந்து கழட்டிடறேன். கேட்காம எடுத்தது தப்புதான். கேட்டா நீ சங்கடப்படுவியேன்னு விட்டுட்டேன்."

"குதிகால்ல என்னன்னு கேட்டதுக்கு, செருப்பு கடிச்சதுன்னு சொன்னீங்களே!" என்றாள் மனைவி.

"ஷூதான் கடிச்சது. ஒரு சைஸ் சின்னது."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"உன்கிட்ட சொன்னா திருடன் காது வரைக்கும் போயிடுமே."

நர்ஸ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே யூனிஃபார்ம் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

டிரைவரம்மா சிரிக்கவில்லை. ஷூ இன்னும் அவள் கையில்தான் இருந்தது. சேற்றைத் தட்டிவிடப் போனவள், நிறுத்திக்கொண்டாள். சேறோடு அப்படியே, கொஞ்சம் கோணலாக, இருந்த இடத்தில் வைத்தாள்.

"நாளையிலேர்ந்து பாப்பா ஸ்கூல் விட்டதும் நம்ம வீட்டுக்கு வந்துடட்டும்" என்றாள், நர்ஸின் முகத்தைப் பார்க்காமல். பிறகு விறுவிறுவென்று படியிறங்க ஆரம்பித்தாள்.

"இப்ப எங்கே கிளம்பிட்டே?" என்றார் கணவர் பதறிப்போய்.

"டெய்லரம்மாகிட்டதான். போலீஸ்ல இருக்கிற இவ சித்தி பையன் வந்து தங்கியிருக்கான்னு சொல்லிட்டு வர்றேன். அரை மணி நேரத்துல தெரு முழுக்கத் தெரிஞ்சுடும்."