ஆறிப்போன இன்ஜின்

“சாவியை விட்டுறாத. இன்னொரு தடவை அடி” என்றார் பீர் முகமது.

செல்போனுக்குள் ஸ்டார்ட்டர் சுற்றும் சத்தம் கேட்டது. சுற்றிக்கொண்டே இருந்தது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

முப்பது வருட மெக்கானிக் அவர். சோழபுரம் ரோட்டில் ஷெட். ஆனால் அன்று விடியற்காலையில் அவர் நின்றது ஸ்ரீவில்லிபுத்தூரில், மகள் சப்ரீன் வீட்டு வாசலில். முதல் நாள் சாயங்காலம் சொந்தக் காரை நம்பாமல் ஷெட் வாசலிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறி வந்திருந்தார். மெக்கானிக்கின் வண்டி என்றைக்கு ஒழுங்காக ஓடியிருக்கிறது?

போனில் இருந்தவன் மலைச்சாமி. சோழபுரத்தில் டிராக்டர் ஓட்டுகிறவன். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன அவன் மனைவி மாரீஸ்வரியைப் பாம்பு கடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் என்றிருக்கிறார்கள். பைக்கில் உட்கார வைத்தால் சாய்ந்து விழுகிறாள். கையில் கிடைத்த ஒரு காரின் பின் சீட்டில் அவளைப் படுக்க வைத்திருக்கிறான். அந்தக் கார் கிளம்ப மாட்டேன் என்கிறது.

“யாரு வண்டிலே அது?”

“தெரிஞ்சவுக வண்டி பாய். பழைய டீசல் வண்டி. பொறவு சொல்லுதேன். இவ கண்ணைத் திறக்க மாட்டேங்கா பாய்.”

பீர் முகமதுவின் காது வேலை செய்தது. ஸ்டார்ட்டர் வேகமாகத்தான் சுற்றுகிறது, அப்படியானால் பேட்டரியில் கோளாறில்லை. தலையை வெளியே நீட்டிப் பின்னால் புகை வருகிறதா பார் என்றார். வெள்ளையாக வருகிறது என்றான்.

“அப்போ டீசல் வருது. சூடுதான் பத்தலை. இன்ஜினைச் சூடாக்குற ஹீட்டர் பிளக்குல ரெண்டு மூணு செத்துப்போயிருக்கு. சாவியைப் பாதி திருப்பி வச்சு இருபது எண்ணு. அடிக்காம ஆஃப் பண்ணு. அப்படி மூணு தடவை. அதுக்குப் பொறவு அடி.”

பின் சீட்டில் பெண்டாட்டி முனங்கிக்கொண்டிருக்கும்போது எவனால் அறுபது எண்ண முடியும்? முதல் இருபதைக்கூட முடிக்காமல் பன்னிரண்டிலேயே அடித்துவிட்டான். இந்த முறை ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றியது. பேட்டரி இறங்குகிறது. இன்னும் ஒரு தடவைக்குத்தான் தாங்கும் என்று பீர் முகமதுவுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை.

“ஏலே, நீ எண்ணாத. நான் எண்ணுதேன். நான் சொன்னாத்தான் அடிக்கணும்.”

வாசலில் நின்று சத்தமாக எண்ணினார். எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், அவர் நிறுத்தவில்லை. நடுவில் மலைச்சாமி, “முனங்கல் நின்னுருச்சு பாய்” என்று அழுதான். பீர் முகமது எண்ணிக்கையை விடாமல் மூன்றாவது இருபதையும் முடித்தார்.

“ஆக்சிலேட்டரைப் பாதி மிதிச்சு அடி.”

ஒரு இழுவை. இன்னொரு இழுவை. பிறகு இருமல் மாதிரி ஒரு சத்தம், அதன்மேல் ஒரு பெரிய உறுமல். அதோடு போன் கட்டானது.

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் அவர் உட்காரவே இல்லை. சப்ரீன் வைத்த டீயில் ஆடை படிந்தது.

ஏழு மணிக்கு மலைச்சாமி கூப்பிட்டான். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுவிட்டார்களாம். இன்னும் கொஞ்ச நேரம் பிந்தியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று டாக்டர் சொன்னாராம்.

“பொழைச்சுக்கிட்டா பாய்” என்றான்.

“அல்ஹம்துலில்லாஹ்” என்ற பீர் முகமது அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் கோபமாகக் கிளம்பியது. ஒரு பொம்பளையின் உயிர் போயிருக்கும், ஹீட்டர் பிளக் மாற்றச் சோம்பேறித்தனப்பட்டவன் மனுசனா என்று கத்தினார். இன்றைக்கே வண்டியோடு அவனை ஷெட்டுக்கு வரச் சொல் என்றார். பிறகுதான் நினைவு வந்தவராக, அந்த ஆள் அத்தனை காலையில் எழுந்து சாவி கொடுத்தானா என்று கேட்டார்.

“சாவி வண்டியிலயே தொங்கிச்சு பாய்.”

“சாவியையும் விட்டுட்டுப் போயிருக்கானா? எவம்லே அந்தக் கூறுகெட்டவன்?”

“நீங்கதான் பாய்.”